வாங்கியவர் சொல் கேட்கும் கணினி

கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் இருக்கிறது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பெண்களுக்கென்றே 1984இல் தமிழக அரசு தொடங்கியது. இந்த மலையில் காற்றும் மழையும் வலுத்தால் மரம் சாய்ந்து மின்சாரம் போகும். பூம்பாறை, மன்னவனூர் என்று மேல்மலைப் பக்கம் போகப் போக செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இங்கே மடிக்கணினி பெரிய சொத்து. அன்றைக்குரிய டேட்டா தீர்ந்துவிட்டால் அன்றைய படிப்பும் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கணினி தன் உடைமையாளரைக் கேட்காமல் எதையெல்லாம் இறக்குகிறது, எதையெல்லாம் வெளியே அனுப்புகிறது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மேல் யாருக்கு அதிகாரம் என்கிற கேள்வி அது. என் பதில் நேரானது: வாங்கியவருக்குத்தான் அந்த அதிகாரம் இருக்க வேண்டும். இன்றைக்கு சாதாரண மக்கள் அதைத் திரும்பப் பெறக் கையில் இருக்கும் நல்ல வழி, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம்.

விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினியை முதன்முறை திறப்பவர் என்ன பார்க்கிறார்? மொழி, நாடு, விசைப்பலகை ஆகியவற்றைக் கேட்ட பிறகு இணையத்தோடு இணைக்கச் சொல்கிறது. அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. கணக்கில்லாமல் தாண்டிச் செல்லும் வழியைக் கண்ணில் படும்படி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் கையாண்ட குறுக்குவழிகளையும் நிறுவனம் ஒவ்வொன்றாக அடைத்துவருகிறது. பின்னர் வரிசையாகச் சில அனுமதிகள்: நீங்கள் இருக்கும் இடம், கணினி எப்படி வேலை செய்கிறது என்ற தகவல், தட்டச்சு செய்வது பற்றிய தகவல், விளம்பரத்துக்கான அடையாள எண். பெரும்பாலானவை ஏற்கெனவே ‘ஆம்’ என்ற பக்கத்தில் நிற்கின்றன. படித்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுபவர் மிகச் சிலர். வேலை தொடங்கிய பிறகு டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் உள்ள கோப்புகளை ஒன்டிரைவில் சேமிக்கும் வசதி பல கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே. அது நிரம்பியதும் சந்தா கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். ஆய்வேட்டின் பக்கங்கள் யாரோ ஒருவரின் சேமிப்பகத்துக்கு ஏறிக்கொண்டிருப்பதை, டேட்டா தீர்ந்த பிறகுதான் மலையில் இருக்கும் மாணவி கவனிப்பார்.

எரிச்சலில் சிலர் பெரிதுபடுத்தும் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தகவல் திரட்டுகிறது என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பியது. தகவல் சேகரிப்பைக் குறைத்த பிறகே 2017இல் அந்த நடவடிக்கையை முடித்தது. அதே 2017 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆணையமும் சட்டமீறல் இருப்பதாகச் சொன்னது. 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் மெனுவுக்குள்ளேயே செயலி விளம்பரங்கள் புகுந்தன. அடுத்த மாதம் திரையைச் சில நொடிக்கு ஒருமுறை படமெடுத்து வைக்கும் ‘ரீகால்’ வசதி அறிவிக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே அதைத் தள்ளிவைத்து, பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும்படி மாற்றினார்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் உள்ள புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும்; அதோடு அமைப்புகளைச் சேமிக்க வேண்டும், அல்லது ரிவார்ட்ஸ் புள்ளிகளோ பணமோ கொடுக்க வேண்டும் என்றார்கள். பாதுகாப்புக்கே இப்படி நிபந்தனை வைக்கிறார்கள்.

‘அப்டேட்டைக் கட்டாயமாக்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்களே’ என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. 2017 மே மாதம் உலகெங்கும் வானாகிரை வைரஸ் பரவியபோது அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அவற்றில் அடக்கம். ஆகவே பாதுகாப்பு அப்டேட் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த அவசியத்தைக் காட்டி விளம்பரத்தையும் கேட்காத செயலியையும் அதே வழியாக உள்ளே அனுப்புவதை ஏற்க முடியாது. மருந்துச் சீட்டோடு மளிகைப் பட்டியலையும் சேர்த்துக் கட்டிவிட்டுக் காசு கேட்பது போன்றது அது. தேவையில்லாததும் சேர்ந்தே வருவதால் மக்கள் அப்டேட் என்றாலே வெறுத்து முடக்கிவைக்கிறார்கள். கடைசியில் பாதுகாப்புதான் அடிபடுகிறது.

லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில் அப்டேட் எப்படி வருகிறது என்று பாருங்கள். திரையின் ஓரத்தில் கேடய வடிவில் ஒரு சின்னம் தெரியும். அழுத்தினால் எந்தெந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று பட்டியல் விரியும். அதில் எது பாதுகாப்புக்கானது, மொத்தம் எத்தனை எம்.பி. இறக்க வேண்டும் என்பதும் இருக்கும். இன்றைக்கு டேட்டா குறைவு என்றால் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மற்றவை கல்லூரி வைஃபை கிடைக்கும் வரை காத்திருக்கும். கணக்கு எதுவும் கேட்காது. இதன் பொருள் லினக்ஸ் உலகத்தில் தவறே நடக்காது என்பதல்ல. 2012இல் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை, கணினியில் கோப்பு தேடும் இடத்தில் அமேசான் பொருள்களைக் காட்டத் தொடங்கியது. கண்டனம் எழுந்தது. பலர் வேறு லினக்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். 2016 பதிப்பில் அந்த வசதியை உபுண்டு இயல்பாக நிறுத்தியே வைத்தது. மூலநிரல் திறந்திருப்பதால் நடப்பதைக் கண்டுபிடிக்க முடிகிறது. மாற்று நிறைய இருப்பதால் பிடிக்காததை விட்டு வெளியேறவும் முடிகிறது. நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கத் தேவையில்லாத இந்த நிலைதான் லினக்ஸின் உண்மையான பலம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்த நிறுவனத்தைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அதே 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் மேல்நிலை வகுப்புப் பாடநூல்கள் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபிஸையும் பின்னர் உபுண்டு, ஓபன் ஆபிஸையும் சொல்லிக்கொடுத்தன. அப்படியிருந்தும் லினக்ஸ் வீடுகளில் வேர்பிடிக்கவில்லை. காரணம் மென்பொருளில் இல்லை. கையில் கொடுத்தோம், பழக்கவில்லை. கேரளத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து, பாடத்தையும் தேர்வையும் அதிலேயே நடத்தியது. பயிற்சியும் பாடமும் தேர்வும் ஒன்றாக நின்றதால் அங்கே அது நிலைத்தது.

‘நான் பயன்படுத்தும் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?’ என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். டேலியில் கணக்கெழுதுபவரும், ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவரும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் டி.டி.பி. நிலையங்களும் உடனே மாற வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாணவியின் அன்றாட வேலை என்ன? பிரவுசர், மின்னஞ்சல், கட்டுரை தட்டச்சு, பி.டி.எஃப். படிப்பது, வீடியோ வகுப்பு, புள்ளிவிவரக் கணக்கு, பைதான். இவை அனைத்தும் லினக்ஸில் நடக்கும். லிப்ரே ஆபிஸில் வேர்டு கோப்பைத் திறந்து திருத்தலாம். சிக்கலான அட்டவணைகள் மட்டும் சில சமயம் இடம் மாறும், பிறருக்கு அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை என்று தமிழ் விசைப்பலகைகளும் கிடைக்கின்றன. ‘கையிலிருக்கும் செல்போன் இதைவிட அதிகம் வேவு பார்க்கிறதே’ என்று கேட்பவர்களும் உண்டு. பார்க்கிறதுதான். அதற்காகக் கணினியையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? ஆய்வேடு, சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் என்று வாழ்க்கையின் ஆவணங்கள் சேரும் இடம் கணினி. காக்க முடிந்ததை முதலில் காப்போம்.

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அதோடு லினக்ஸ் பயிற்சியும் சேர வேண்டும். முன்பு விட்ட இடம் அதுதான். அட்டுவம்பட்டி போன்ற வளாகங்கள் ஆய்வகத்தின் பழைய கணினிகளில் பாதியையாவது லினக்ஸுக்கு மாற்றி, மாணவியரே அவற்றைப் பராமரிக்கப் பழக்கலாம். வீட்டில் விண்டோஸ் 10 கணினி வைத்திருப்பவர்கள் அதைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள்; கணினியில் இருப்பது எதுவும் மாறாது. வைஃபை, பிரிண்டர், ஒலி எல்லாம் சரியாக வேலை செய்தால் அதன்பின் நிறுவுங்கள். 4 ஜி.பி. ரேம் இருந்தால் போதும். ஐயம் வந்தால் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் ‘கணியம்’ இணைய இதழைப் புரட்டுங்கள். செலவு ஒரு பென் டிரைவும் ஒரு மாலைப் பொழுதும்தான்.