பெயரிடும் உரிமை: ‘திருவருட்பா’ப் பெயர்ச் சிக்கலும் பொது ஒப்புதலும்

ஒரு குழு தன் அமைப்புக்கோ வெளியீட்டுக்கோ பெயர் தேர்வதற்கு உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்துவது இன்று இயல்பான செயலாகிவிட்டது. பல பெயர்கள் முன்மொழியப்படுகின்றன. மிகுதியான வாக்குகளைப் பெற்ற பெயர் ஏற்கப்படுகிறது. முறை புதிது, அதன் அடியில் உள்ள வினாவோ பழையது. பெயரிடும் உரிமை ஆக்கியோனுக்கு உரியதா, மரபைக் காப்போருக்கு உரியதா, அப்பெயரை நாளும் வழங்குவோருக்கு உரியதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதம்பரம், கடலூர் வட்டாரத்தில் மூண்ட அருட்பா – மருட்பாப் போர் இவ்வினாவை நேராக எழுப்பியது. அதனைச் சமயப் பூசலாகவும் அச்சுப் பண்பாட்டு வரலாறாகவும் ஆய்வாளர் விரிவாக நோக்கியுள்ளனர். அது பெயரிலக்கணச் சிக்கலும் ஆகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நூற்பெயரும் வழக்குப் பெயரும்

நூலின் பெயரைச் சொல்வது சிறப்புப் பாயிரத்தின் கடன்களுள் ஒன்று. நூல் எவ்வெவ்வாறு பெயர் பெறும் என்பதையும் நன்னூல் வகுத்துரைக்கிறது. ஆக்கியோனால் பெயர் பெற்றது தொல்காப்பியம். அளவால் பெற்றது நாலடி நானூறு. செய்வித்தோனால் பெற்றது இளந்திரையம். தன்மையால் பெற்றது நன்னூல். முதனூல், மிகுதி, பொருள், இடுகுறி ஆகியனவும் காரணங்களாகக் கூறப்படும். இவ்வகைப்பாட்டில் ஓர் இடைவெளி உண்டு. பெயர் எதனால் வந்தது என்பதை இது சொல்கிறது. யாரால் வந்தது என்பதைச் சொல்வதில்லை.

இவ்விடைவெளிக்குத் தில்லையே சான்று தருகிறது. அங்கு அரங்கேறியதாகப் போற்றப்படும் தம் நூலுக்குச் சேக்கிழார் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். உலகம் வழங்கிய பெயர் பெரியபுராணம். கம்பர் இட்ட பெயர் இராமாவதாரம் என்பர், நின்றதோ கம்பராமாயணம். இரண்டிடத்தும் ஆசிரியன் இட்ட பெயரைக் கற்றோர் மறக்கவில்லை. ஆயினும் வழக்கு வேறொன்றைத் தேர்ந்தது. இத்தேர்வில் யாரும் கைதூக்கவில்லை, எண்ணிக்கை எடுக்கவில்லை; எதிர்ப்பும் எழவில்லை. எதிர்ப்பு எழுந்த இடமாகவே ‘திருவருட்பா’ தனித்து ஆராயத்தக்கதாகிறது.

1867ஆம் ஆண்டு முகப்பு

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்கர் தம் பாடல்களை அச்சிட விரைந்தவர் அல்லர். இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் பல ஆண்டுகள் வேண்டிய பின்னரே இசைந்தார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளை உணவே கொள்வதென இரத்தின முதலியார் உறுதி பூண்ட செய்தி கடிதங்களால் அறியப்படுகிறது. இசைந்தபோதும் தம்மை ‘இராமலிங்கசாமி’ என வழங்குவது தமக்கு உடன்பாடன்று என்றும், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றும் அவர் எழுதினார்.

1867இல் சென்னையில் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. ‘சாமி’ என்னும் சொல் முகப்பில் இல்லை. ஆனால் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் பெயரும், அதனையடுத்து அவர் தாமே கையொப்பத்தில் வழங்கிய ‘சிதம்பரம் இராமலிங்க’ப் பெயரும் இணைந்து நின்றன. ஆசிரியரின் அடக்கமும் அன்பர்களின் பெருமிதமும் ஒரே முகப்பில் இடம் பகிர்ந்துகொண்டன எனலாம். நூலுக்குத் ‘திருவருட்பா’ என்றும், அதன் பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும் பெயர் அமைத்தவர் தலைமாணாக்கரான தொழுவூர் வேலாயுத முதலியார். ஆக, இப்பெயர்கள் ஆசிரியன் இட்டவை அல்ல. அவரைச் சூழ்ந்திருந்த சிறு வாசகக் குழுவின் தேர்வு.

காரணப் பெயரா, காரண இடுகுறியா?

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவற்றையே சைவ உலகம் அருட்பா என வழங்கி வருகிறது என்பதும், அப்பெயரைப் பிறிதொன்றுக்கு இடுவது மரபுப் பிழை என்பதும் அவர் தரப்பு. அத்தரப்பினின்று எழுந்ததே ‘போலியருட்பா மறுப்பு’.

நாவலரின் மறுப்பைக் காழ்ப்பு என ஒதுக்குவது எளிது. ஆனால் அது அவர் வாதத்தின் அடிப்படையைக் காணாமல் விடுவதாகும். ‘அருட்பா’ என்னும் தொகையை இருவகையாகக் கொள்ளலாம். அருளால் பாடப்பட்ட பா எனக் கொண்டால் அது காரணப் பெயர். அக்காரணம் பொருந்தும் எப்பாடலுக்கும் உரியது. முட்களையுடைய செடிகள் பல இருக்க ‘முள்ளி’ என்பது ஒன்றற்கே வழங்குவதுபோல, வரையறுத்த சில நூல்களுக்கே உரியதாகக் கொண்டால் அது காரண இடுகுறி. வேலாயுத முதலியார் முதல் வகையாகக் கொண்டார். நாவலர் இரண்டாம் வகையாகக் கொண்டார். ‘திருமுறை’ என்னும் பெயர் சிக்கலை இன்னும் இறுக்கியது. ‘அருட்பா’ என்பதற்குச் சொற்பொருள் காட்டி வாதிடலாம். ‘திருமுறை’ என்பதோ தொகுத்து முடிக்கப்பட்ட ஒரு மறைநூல் வரிசையின் பெயர்.

இது சொல்லளவில் நின்ற வழக்கன்று. கோயில் வழிபாட்டில் எப்பாடல் ஓதப்படும் என்பதைப் பெயரே வரையறுத்தது. புதுப்பாடல்கள் அருட்பா எனப்பட்டால், பழைய பாடல்களின் இடத்தில் அவையும் ஓதப்படும். ஏடு தேடிப் பிழை நீக்கிப் பழைய நூல்களைப் பதிப்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவருக்கு இந்த அச்சம் எழுந்தது வியப்பன்று.

1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திற்கு வழக்குச் சென்றது. பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என நீதிமன்றம் தீர்ப்பளித்தது போன்ற கருத்து மக்களிடையே பரவியுள்ளது. நாவலர் தொடுத்தது அவதூறு வழக்கே. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசினர் என்பதே முறையீடு. நூற்பெயர் எவருக்கு உரியது என்பதை எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும், மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் மறுபுறமும் நின்று மீண்டும் வாதிட்டனர். சைவ நூலின் பெயருக்காக இசுலாமியப் புலவர் ஒருவர் மேடையேறியமை, பெயரை வழங்கும் குழு எவ்வளவு விரிந்துவிட்டது என்பதைக் காட்டும். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 தொடங்கி 1958 வரை வெளியிட்ட பன்னிரு தொகுதிகளும் ‘திருவருட்பா’ என்றே வந்தன. பெயர் நிலைத்தது; பன்னிரு திருமுறையின் எல்லையும் அழியவில்லை.

நிறுவியவரின் பெயர் மாற்றம்

நூற்பெயரை அன்பர்க்கு விட்டுக்கொடுத்த இராமலிங்கர், தம் அமைப்பின் பெயரில் அவ்வாறு நடக்கவில்லை. 1865இல் அது சமரச வேத சன்மார்க்க சங்கம். 1872இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றினார். ‘வேத’ நீங்கி, ‘சுத்த’, ‘சத்திய’ என்பன புகுந்தன. ஏழாண்டுகளில் அவர் கொள்கை எங்குச் சென்றது என்பதை இந்த ஒரு சொல்மாற்றமே காட்டும். இங்கு உறுப்பினரின் ஒப்புதல் கேட்கப்பட்டதாகத் தோன்றவில்லை. வழக்கோ இரண்டு பெயர்களையும் சுருக்கிச் ‘சன்மார்க்க சங்கம்’ என்றது. கொள்கை வேறுபாட்டைச் சுமந்த சொற்களையே பேச்சு வழக்கு உதிர்த்தது என்பது கருதத்தக்கது.

மேலிருந்து இடப்பட்ட இன்னொரு பெயரையும் இவ்வட்டாரம் கண்டது. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் எனப்பட்டது. பிற மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர் பெயர் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல் எழவே, 1997இல் அப்பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. வள்ளலார் பெயரால் இங்கு மோதல் எழவில்லை. ஆயினும் பொதுமுடிவில் அதுவும் சென்றது. அரசாணையால் வந்த பெயர் அரசாணையாலேயே நீங்கிற்று.

வாக்கால் வந்த பெயர்

பெயரை வாக்கெடுப்பால் தேர்ந்தமைக்குத் தமிழர் வரலாற்றில் முதன்மைச் சான்று மாநிலத்தின் பெயரே. 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1957இல் சட்டமன்றத்தில் வந்த பெயர் மாற்றத் தீர்மானம் தோற்றது. மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொணர்ந்த தனியார் முன்வரைவும் நிறைவேறவில்லை. அதன் விவாதத்தில், பெயரை மாற்றுவதால் என்ன பயன் என்னும் வினாவுக்கு, அவையும் குடியரசுத் தலைவர் பதவியும் ‘ராஜ்ய சபா’, ‘ராஷ்டிரபதி’ எனப் பெயர் பெற்றதால் விளைந்த பயன் யாதோ அதுவே இதற்கும் என்னும் கருத்துப்பட அண்ணா விடையளித்தார். 1967 சூலை 18 அன்று சட்டமன்றம் ஒருமனதாக ஏற்றது. 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

1957இல் எதிர்த்து வாக்களித்தவர்களும் தமிழில் பேசும்போதும் எழுதும்போதும் ‘தமிழ்நாடு’ என்ற சொல்லை வழங்கியவர்களே. அவர்கள் கட்சியின் மாநில அமைப்பே தமிழ்நாடு காங்கிரசு என்று பெயர் பூண்டிருந்தது. 1961இல் அரசே தமிழ்க் கடிதப் போக்குவரத்தில் ‘தமிழ்நாடு’ என்றும் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றும் எழுத இசைந்தது. வழக்கில் வென்றுவிட்ட பெயர், வாக்கில் வெல்லப் பத்தாண்டுகள் காத்திருந்தது. திருவருட்பாவுக்கு அத்தகைய வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. வடலூரில் தைப்பூச நாளில் கூடுவோர் அப்பாடல்களை அப்பெயராலேயே பாடுகின்றனர். பெரும்பான்மையோர் 1869ஆம் ஆண்டு வழக்கை அறியார்.