அறைக்கு இளநீலம்

வீட்டுக்கு வர்ணம் பூச எண்ணுவோர் பலரும் முதலில் நாடுவது இளநீலத்தையே. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் அது இயல்புதான். ஆயினும் நீலத்தைப்போல் ஆளை ஏமாற்றும் வர்ணம் பிறிதொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் தாயாரின் அறைக்கு நானே வர்ணம் தெரிந்தெடுத்தேன். கடையில் தந்த அட்டையிலே விடியற்கால வானம்போல் மெல்லியதாய்த் தோன்றிய நிறம், நான்கு சுவர்களிலும் ஏறியபின் கடுநீலமாயிற்று. அம்மா ஒருநாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாள், "தம்பி, கடலுக்கடியிலை கிடக்கிறமாதிரிக் கிடக்கு" என்றார்.

பூசியவரிற் பிழையில்லை. அட்டையில் விழும் ஒளி ஒருமுறை பட்டு நம் கண்ணை அடைகின்றது. அறையிலோ, ஒரு சுவரிற் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குச் சென்று மீண்டும் திரும்புகின்றது. ஒவ்வொரு முறையும் சிவப்பும் மஞ்சளும் சிறிது சிறிதாக உறிஞ்சப்பட, நீலம் மேன்மேலும் செறிகின்றது. ஆகவே அட்டையில் மனத்துக்குப் பிடித்ததைவிட இரண்டு படி வெளிறியதை, சற்றுச் சாம்பல் கலந்ததை எடுப்பதே தக்கது.

முதுமையும் இதிற் சேர்கின்றது. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுக்கின்றது. நமக்கு மென்மையாகத் தெரியும் நீலம் முதியோருக்கு இருண்டு தோன்றலாம். கண்புரை அகற்றப்பட்டவர்கள் பலர், நீலம் திடீரெனப் பளிச்சிடுவதாகச் சொல்வதும் இதனாலேயே.

வடக்கு நோக்கிய அறைக்கு நீலம் ஆகாது என்று ஐரோப்பியர் கூறுவர். அது அவர்கள் நாட்டுக்குப் பொருந்தும். இலங்கையிலே ஏப்பிரல் நடுப்பகுதி தொடங்கி ஓகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கின்றது. எனவே நாம் கவனிக்கவேண்டியவை கிழக்கும் மேற்குமே. மேற்கு அறையில் மாலை வெயிலின் செம்மஞ்சள் பட்டதும் நீலம் சாம்பலாகிவிடும். யன்னலை ஒட்டி மாமரம் நின்றால் பச்சை சாயும். மஞ்சள் மின்குமிழும் அவ்வாறே செய்யும்.

முன்னர் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலே சலவை நீலம் சிறிது கலப்பதுண்டு. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்துப் பெற்ற விலையுயர்ந்த வர்ணத்துக்கு ஈடாக, 1820களில் பிரான்சில் கிமே என்பார் செயற்கையாக ஆக்கிய நீலமே அது. சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். பிரசிய நீலமோ அக்காரத்தில் நிறங்கெட்டுப் பழுப்பாகும். புதுச் சீமெந்துச் சுவரிலும் காரம் உண்டு; நான்கு வாரமாவது காயவிட்டுப் பூசுக. பழைய எண்ணெய் வர்ணத்தைச் சுரண்டுவோர் நனைத்தே சுரண்டவேண்டும். அதில் ஈயம் இருக்கக்கூடும். அத்தூசு குழந்தைகளுக்கு நஞ்சு.

இரண்டாம் முறை நான் அட்டையை நம்பவில்லை. இரண்டடிப் பலகைகள் மூன்றிலே மூன்று நீலங்களைப் பூசி, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டினேன். காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்னரும் அவர் பார்த்தார். மூன்றாம் நாள் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். எனக்கு அது வெள்ளையாகவே தெரிந்தது. அதையே பூசுவித்தோம்.