வண்ணத்தட்டும் யாழும்



ஒருவருக்குப் பல கலைகளில் ஆற்றல் வாய்ப்பது பெரும் பேறு. ஆயினும், 'இவற்றுள் எதைப் பற்றிக் கொள்வது?' என்னும் வினாவும் அப்பேற்றுடன் சேர்ந்தே பிறந்துவிடுகிறது. அவ்வினாவுக்கு விடை சொல்லும் ஓர் ஓவியத்தைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டில், நீஸ் நகரக் கலைக்கூடத்தில் அந்தத் தைல வண்ண ஓவியம் இருக்கிறது. நான் அதை அச்சுப்படியில்தான் கண்டிருக்கிறேன். கறுப்பு உடை அணிந்த இளம்பெண் ஒருவர் நம்மை நேராக நோக்குகிறார். கழுத்தருகே வெண்ணிறச் சுருக்குத் துணி, கையில் வண்ணத்தட்டு, பின்புறம் நம் பழைய யாழை நினைவூட்டும் 'ஹார்ப்' என்னும் நரம்புக் கருவி. வரைந்தவரும் வரையப்பட்டவரும் ஒருவரே. மரியா பாஷ்கீர்ட்சேவா என்பது அவர் பெயர். 1880-களின் முற்பகுதியில் அவர் தீட்டிய தற்சித்திரம் இது.

மரியா 1858-ஆம் ஆண்டு உக்ரைனில், பொல்தாவா நகருக்கு அருகில் பிறந்தார். அந்நாடு அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இளமையிலேயே குடும்பத்தினருடன் மேலை நாடுகளுக்குச் சென்ற அவர், பல மொழிகளைக் கற்றார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார். பெரும் பாடகியாக வேண்டுமெனக் கனவு கண்டார். தொண்டை நோயோ அவர் குரலைக் கெடுத்தது. பின்னர் செவிப்புலனும் குன்றத் தொடங்கியது.

1877-இல் அவர் பாரிசில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அரசினர் கலைப்பள்ளி பெண்களைச் சேர்த்துக் கொள்ளாத காலம் அது. ஆதலின் ஜூலியன் கலைக்கழகம் என்னும் தனியார் பள்ளியை நாடினார். அக்கதவடைப்பைக் கண்டித்துப் புனைபெயரில் கட்டுரையும் எழுதினார். அரசினர் பள்ளி பெண்களுக்குத் திறந்தது 1897-இல்தான்.

இனி, ஓவியத்திற்கு வருவோம். ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றில் குழைத்த வண்ணம் மெதுவாகவே உலரும். ஆகவே ஓவியர் ஒரு நிறத்தை மற்றொன்றோடு மெல்லக் கலக்கலாம். உலர்ந்தபின் மேலும் ஒரு பூச்சுப் பூசித் திருத்தலாம். இந்த ஓவியத்தில் கரிய உடையின்மேல் வெண்துணி பளிச்சிடுகிறது. அவ்வெண்மை நம் கண்ணை முகத்திற்கு ஏற்றிச் செல்கிறது. அதன்பின்னரே வண்ணத்தட்டைக் காண்கிறோம். இறுதியில் யாழைக் காண்கிறோம். யாழை அவர் படத்திலிருந்து நீக்கிவிடவில்லை, பின்னே நிறுத்தினார். கையில் எடுத்ததோ வண்ணத்தட்டு. இதுவே அவர் தந்த விடை என நான் கொள்கிறேன்.

அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. ஆறு சிறுவர் தெருவில் கூடிப் பேசும் 'சந்திப்பு' என்னும் ஓவியத்தை 1884-இல் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், காசநோயால் மறைந்தார். அப்போது வயது இருபத்தைந்து. மூன்று ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பு ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது.

இந்த ஓவியத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி எழுகிறது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவி ஒருத்தி கணக்கு ஏட்டின் ஓரங்களில் முகங்களை வரைந்து வைத்திருந்தாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டு, அந்த ஏட்டை வாங்கி வைத்துக் கொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. அதன்பின் வரையவும் இல்லை. பாரிசில் அடைபட்ட கதவைக் குறை கூறும் நான், என் பள்ளியில் ஒரு சிறு கதவை என் கையாலேயே சாத்தியிருக்கிறேன்.

மாணவர்களே, உங்களுக்குப் பல திறமைகள் இருக்கலாம். ஒன்றைக் கையில் எடுங்கள். மற்றவை பின்னே நிற்கட்டும். எதை எடுப்பது என்பதை மட்டும் பிறர் அச்சுறுத்தலுக்கு விட்டுவிடாதீர்கள். அது என்னைப் போன்ற ஆசிரியரின் சொல்லாக இருந்தாலும் சரியே.