விடை சொல்லும் கருவியா, வினாக் கேட்கும் ஆசானா?

பொதுத் தேர்வை எதிர்நோக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், கணிதத் தனிப்பயிற்சிக்கான கட்டணம் மாதச் செலவில் நிலையான இடத்தைப் பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குத் துணையாகவோ மாற்றாகவோ இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்து சேர்ந்துள்ளன. பாடநூலில் உள்ள கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். சில நொடிகளில் படிப்படியாகத் தீர்வு திரையில் தோன்றுகிறது. இரவு பதினொரு மணிக்குக் கேட்டாலும், ஒரே ஐயத்தைப் பத்து முறை எழுப்பினாலும் கருவி சலிப்படைவதில்லை. இவற்றுள் சில இலவசம்; சில மாதச் சந்தாவில் கிடைப்பவை.

பணம் செலுத்துமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இக்கருவி என் பிள்ளைக்குக் கணிதம் கற்பிக்கிறதா, அல்லது என் பிள்ளைக்காகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறதா?

நெடுநாளைய எதிர்பார்ப்பு

ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்பிப்பதன் வலிமையை அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தனி ஆசிரியரிடம் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களுள் 98 விழுக்காட்டினரைவிட மேலான நிலையை எட்டினார் என்பது அவர் கூறிய முடிவு. பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய முன்னேற்றத்தைக் காட்டவில்லை எனினும், தனிக் கவனம் பயன் தரும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தப் பெரும்பாலான குடும்பங்களின் வருவாய் இடம் தராது.

அந்த இடைவெளியை இயந்திரம் நிரப்பக்கூடும் என்ற எதிர்பார்ப்பே இன்றைய முயற்சிகளின் அடிப்படை. கான் அகாடமி நிறுவனம் 2023 மார்ச் மாதத்தில் கான்மிகோ என்னும் பயிற்றுநரை அறிமுகப்படுத்தியபோது, அது விடையை நேரடியாகத் தராமல் மாணவரைக் கேள்விகளால் வழிநடத்தும் வகையில் வடிவமைக்கப்பட்டது. இந்த வடிவமைப்பு எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்வரும் ஆய்வு உணர்த்துகிறது.

துருக்கி மாணவர்கள் தரும் பாடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 9, 10, 11-ஆம் வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஆசிரியர் பாடம் நடத்திய பின், ஒரு பிரிவினர் நூலையும் குறிப்பேட்டையும் மட்டும் வைத்துப் பயிற்சி செய்தனர். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான உரையாடல் கருவி தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குத் தரப்பட்ட கருவி, விடையைச் சொல்லாமல் குறிப்புகளை மட்டும் வழங்கியது. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் ஆசிரியர்கள் அதற்கு முன்கூட்டியே அளித்திருந்தனர்.

பயிற்சியின்போது, கருவியில்லாப் பிரிவினரைவிட இரண்டாம் பிரிவினர் 48 விழுக்காடும், மூன்றாம் பிரிவினர் 127 விழுக்காடும் கூடுதலாக மதிப்பெண் பெற்றனர். அடுத்து, கருவிகளை எடுத்துவிட்டுத் தேர்வு வைக்கப்பட்டது. வழக்கமான கருவியைப் பயன்படுத்தியவர்கள், எந்தக் கருவியையும் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். குறிப்புகள் மட்டும் பெற்றவர்களுக்கு அத்தகைய சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. ஆயினும் கருவியில்லாப் பிரிவினரை அவர்கள் முந்தவும் இல்லை.

பெற்றோர் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி இன்னொன்று. மதிப்பெண் குறைந்த மாணவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றதாக எண்ணவே இல்லை. எனவே, “நன்றாகப் புரிகிறது” என்று பிள்ளை கூறுவதை மட்டும் கொண்டு கருவியின் பயனை முடிவு செய்ய இயலாது.

ஒரு கணக்கு, இரு வழிகள்

வேறுபாடு எங்கே எழுகிறது என்பதை ஒரு சேமிப்புக் கணக்கைக் கொண்டு காணலாம். ஒருவர் முதல் மாதம் ரூ.100 சேமிக்கிறார், ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட ரூ.50 கூடுதலாகச் சேமிக்கிறார். பன்னிரண்டு மாதங்களில் மொத்தச் சேமிப்பு எவ்வளவு? பத்தாம் வகுப்பில் வரும் கூட்டுத் தொடர்வரிசைக் கணக்கு இது.

மாணவி ஒருத்தி, பன்னிரண்டு மாதங்கள் என்பதால் 12 × 50 = 600 என்று கொண்டு, கடைசி மாதச் சேமிப்பு ரூ.700 என்றும், மொத்தம் ரூ.4,800 என்றும் எழுதுகிறாள். விடை சொல்லும் கருவி “சரியான விடை ரூ.4,500” என்று முழுத் தீர்வையும் காட்டும். அவள் படித்துப் பார்த்துத் தலையசைத்து அடுத்த கணக்கிற்குச் செல்வாள்; தேர்வில் அதே பிழை மீண்டும் வரலாம்.

நல்ல பயிற்றுநரோ, “இரண்டாம் மாதத்தில் ஐம்பது ரூபாய் எத்தனை முறை கூடியிருக்கிறது? மூன்றாம் மாதத்தில்?” என்று கேட்கும். ஒருமுறை, இருமுறை என்று சொல்லிக்கொண்டே வரும்போது, பன்னிரண்டாம் மாதத்தில் பதினொரு முறைதான் கூடும் என்பதை அவளே கண்டுகொள்வாள். கடைசி மாதம் ரூ.650; மொத்தம் 6 × (100 + 650) = ரூ.4,500. தானே கண்டறிந்த அந்தப் பதினொன்று எளிதில் மறக்காது.

அடித்தளம் எங்கே இருக்கிறது?

நம் நாட்டிலும் பயனுள்ள சான்று உண்டு. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்னும் கணினிவழிக் கற்றல் மென்பொருளைப் பயன்படுத்திய மாலைநேர மையங்களில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. இம்மென்பொருள் இன்றைய உரையாடல் கருவிகளுக்கு முந்தையது. மாணவரின் விடைகளைக் கொண்டு அவருடைய உண்மையான நிலையை அறிந்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது. ஆய்வில் பங்கேற்ற ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். நான்கரை மாதப் பயிற்சிக்குப் பின், வாய்ப்புப் பெற்றவர்களின் கணித முன்னேற்றம், பெறாதவர்களுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. அம்மையங்களில் மென்பொருளுடன், சிறு குழுக்களுக்கு உதவியாளர்களும் கற்பித்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

முக்கோணவியலில் தடுமாறும் பிள்ளைக்கு உண்மையான இடர்ப்பாடு பின்னங்களிலோ விகிதங்களிலோ இருக்கலாம். அதைக் கண்டறிந்து பின்னோக்கி அழைத்துச் செல்லும் கருவியே செலவிடும் பணத்திற்குத் தகுதியானது.

இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை

முதலாவதாக, கருவிக்குத் தெளிவான கட்டளை இடுங்கள். “விடையைச் சொல்லாதே. என் வழிமுறையில் பிழை எங்கே என்பதற்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு. நான் முயன்ற பின் அடுத்த குறிப்பைக் கொடு” என்று தமிழிலேயே எழுதலாம்.

இரண்டாவதாக, முதல் முயற்சி குறிப்பேட்டில் நிகழட்டும். பாடநூலின் கணக்கைப் படம் பிடிப்பதற்கு மாறாக, பிள்ளை தன் கையால் போட்ட கணக்கைப் படம் பிடித்து அனுப்பட்டும்.

மூன்றாவதாக, கருவி கூறுவதைச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். துருக்கி ஆய்வில் வழக்கமான உரையாடல் கருவி ஏறத்தாழப் பாதிக் கணக்குகளுக்கே சரியான விடை தந்தது. இன்றைய கருவிகள் மேம்பட்டிருந்தாலும், தவறான வழிமுறையையும் அதே உறுதியான தொனியில் எழுதக்கூடியவை. பாடநூலின் இறுதியில் உள்ள விடைகளுடன் ஒப்பிடுவதும், மாறுபாடு இருப்பின் பள்ளி ஆசிரியரிடம் கேட்பதும் நலம்.

நான்காவதாக, வாரம் ஒருமுறை கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, அந்த வாரப் பாடத்திலிருந்து ஐந்து கணக்குகளைத் தாளில் போடச் செய்யுங்கள். கணிதம் அறியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். விடைகளை நூலுடன் ஒப்பிட்டால் போதும்.

பணமும் பாதுகாப்பும்

இணையவழிக் கல்வி நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை தேவை என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் அறிவுறுத்தியது. இலவச வகுப்பு என்ற பெயரில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் அளிப்பதன் விளைவை நன்கு ஆராய வேண்டும் என்பது அதில் ஒரு கூறு.

அட்டை அல்லது யுபிஐ வழியாகத் தொடர் சந்தாவிற்கு ஒப்புதல் அளித்திருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிமுறைப்படி, பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் தங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தப் பரிவர்த்தனையையோ ஒப்புதலையோ விலக்கிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு. ஆகவே அத்தகைய குறுஞ்செய்திகளைப் படிக்காமல் ஒதுக்கிவிட வேண்டாம். ஆண்டுச் சந்தாவிற்கோ தவணைக் கடனுக்கோ கையொப்பமிடுமுன், ஒரு மாதம் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது விவேகம்.

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பிள்ளையின் பெயர், பள்ளி, முகவரி, ஒளிப்படம் ஆகியவற்றைக் கருவியில் பதிய வேண்டிய தேவை இல்லை. பெற்றோரின் அட்டை எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பிள்ளையின் கைக்குச் செல்லவே கூடாது.

தேர்வுக் கூடத்தில் மாணவருடன் செல்வது எழுதுகோலும் அவர் தாமே பெற்ற பயிற்சியும் மட்டுமே. மாத இறுதியில் சந்தாவைப் புதுப்பிப்பதா என்ற கேள்வி எழும்போது, கருவியின் விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம். கைப்பேசி இல்லாமல் எழுதப்பட்ட அந்த நான்கு வாரத் தாள்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.