சிப்பி தந்த கல்விக் கொடை

கடலோரப் பங்குகளில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. பிள்ளையைக் கடலுக்கு அனுப்புவதா, கல்லூரிக்கு அனுப்புவதா? இரண்டில் ஒன்றைத்தான் கொள்ளமுடியும் என்று எண்ணியே பெற்றோர் பலர் முடிவு செய்கின்றனர். அதன் பயனாகப் படித்தவன் கடலை மறக்கிறான். கடலை அறிந்தவன் படிப்பை இழக்கிறான். ஆயினும் நம் முத்துக்குளித்துறையின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. சிப்பியின் வருவாய் சிறுவரின் கல்விக்குச் செலவிடப்பட்ட காலம் இக்கரையில் உண்டு.

கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். கடல் கடந்து வந்த வணிகர்களும் எழுதிவைத்தார்கள். அம்முத்தைக் கடலடியிலிருந்து எடுத்துத் தந்தவர்கள் பரதவ மக்கள். 1530-களில் அவர்கள் திருமறையைத் தழுவினார்கள். 1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, திருமுழுக்குப் பெற்றிருந்தும் மறைக்கல்வி பெறாத மக்களையே எங்கும் கண்டார். ஊருக்கு ஊர் சிறுவரைக் கூட்டிக் கற்பிக்க உபதேசியார்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு ஊதியம் தரப் பணம் எங்கே?

அந்நாளில் பரதவ மக்கள் போர்த்துக்கல் அரசுக்கு ஆண்டுதோறும் திறை செலுத்திவந்தார்கள். அதில் 4,000 பொற்பணம் கத்தரீனா அரசியாரின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையை உபதேசியார்களுக்குத் தந்துதவுமாறு சவேரியார் வேண்டினார். இக்கரைச் சிறுவர்களும் அவர்களுக்குக் கற்பிப்போருமே அரசியார் விண்ணகம் ஏறுவதற்கு ஏற்ற காலணிகள் என்பது அவர் சொன்ன காரணம். அவ்வாறே அப்பணம் உபதேசியார்களின் ஊதியமாயிற்று. அரண்மனைக் காலணிக்குச் சென்ற முத்துப்பணம் ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பி வந்தது. இக்கரையின் முதல் கல்விக் கொடை என்று இதனைச் சொன்னால் அது மிகையாகாது.

பின்னர் அன்றிக்கே அன்றிக்கசு அடிகளாரின் முயற்சியால் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. அச்சுப் பணிக்குப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தனர். கல்விக்குக் கொடுப்பது இம்மக்களுக்குப் புதிய வழக்கம் அன்று.

முத்துக்குளிப்பே ஒரு பெருங்கல்விதான் என்பதையும் நாம் மறக்கலாகாது. சிப்பிகள் செறிந்த கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொலையிரம் பார் அவற்றுள் பேர்பெற்றது. குளிப்பவர் கல்லின் பாரத்தால் விரைந்து இறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் சேர்த்துக் கயிற்றை அசைப்பார், மேலிருப்பவர் இழுத்தெடுப்பார். உயிரையே ஒப்படைக்கும் அந்தக் கயிற்றை மைத்துனன் பிடிப்பது வழக்கம் என்பர். சங்கு குளிப்பவரோ மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பார்த்தே அதன் இருப்பிடத்தை அறிவார். அளவில் சிறிய சங்குகள் மீண்டும் கடலிலேயே விடப்பட்டன. நாளைய விளைவைக் காக்கும் அறிவு அதில் இருந்தது.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே இறுதி, பின்னர் நடைபெறவில்லை. அன்று குளித்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. பார்களின் பெயரும், காற்றும் நீரோட்டமும் பற்றிய அவர்களது நுட்ப அறிவும் எழுதப்படாமலே மறைந்துவருகின்றன.

ஆயினும் சிப்பியைப் பற்றிய கல்வி தூத்துக்குடியை விட்டு நீங்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் 1973-ஆம் ஆண்டு அங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார்கள். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தார்கள். 1977-இல் அந்நகரில் மீன்வளக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. நம் பாட்டனார் மூச்சடக்கித் தேடிய சிப்பியைப் பேரப்பிள்ளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கலாம். ஆனால் அக்கல்லூரியின் வாயிலை எட்ட நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது?

இது பெருமையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியுமாகும். இன்று சங்கு குளிப்போரில் பலர், படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் ஆழத்தில் தங்குகிறார்கள். ஆழத்தின் அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகப் பிரிந்து உடலைத் தாக்கும். மூட்டுவலியில் தொடங்கி, கைகால் செயலிழப்பும் மரணமும் கூட நேரலாம். மெல்ல மெல்ல, இடையிடையே நின்று ஏறவேண்டும் என்பது பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளக்கூடிய பாடம். அதைக் கற்பிப்பார் இல்லாமையால் எத்தனை தாய்மார் கண்ணீர் வடிக்கிறார்கள்!

அரசு உதவாமல் இல்லை. 2007-இல் அமைந்த மீனவர் நலவாரியம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. அட்டையைப் புதுப்பிக்காமலோ, விண்ணப்பிக்கத் தெரியாமலோ அதை இழப்போருக்குப் பங்கிலுள்ள படித்த இளைஞர்கள் துணைநிற்கலாம். எஞ்சிய குறையை ஊர் நிரப்பவேண்டும். கடலால் வாழ்வு பெற்று நகரங்களிலும் வெளிநாடுகளிலும் உயர்ந்திருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகை தரலாம். திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே ஒரு மாணவனின் விடுதிக் கட்டணம் கிடைத்துவிடும்.

அந்நிதியின் பயன் கட்டணத்தோடு நின்றுவிடலாகாது. உதவி பெறும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் முதிய குளியாளி ஒருவரிடம் அமர்ந்து, அவர் அறிந்த பார்களையும் அடையாளங்களையும் ஏட்டில் எழுதித் தரட்டும். உயிரியல் படிப்பவர் ஊர்ச் சிறுவருக்குச் சிப்பியின் வாழ்வை விளக்கட்டும். மருத்துவமோ செவிலியமோ பயில்பவர் குளியாளிகளுக்கு ஆழத்தின் ஆபத்தை எடுத்துரைக்கட்டும். அப்போது படிப்பு பிள்ளையைக் கடலிலிருந்து பிரிக்காது. கடலுக்கே ஒரு காவலனைத் தரும்.

முத்துப் பார்கள் இன்று வறண்டிருக்கலாம். கொடுக்கும் மனம் வறளவேண்டுவதில்லை. தூரதேசத்து அரசியார் ஒருவர் தம் காலணிப் பணத்தை நம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார். அப்பிள்ளைகளின் வழிவந்த நாம் எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம்? அடுத்த ஊர்க்கூட்டத்தில் இதனைப் பேசுவோமாக.