பெட்டகம் அழியலாம், தரவு அழியலாகாது

மென்பொருள் துறையில் இன்று அன்றாடம் புழங்கும் ‘கன்டெய்னர்’ என்ற சொல் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட பின்னர், உள்ளே இருக்கும் சரக்கு எதுவாயினும் வெளியே பெட்டியின் அளவும் பிடிமானமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற முறை படிப்படியாக உலகத் துறைமுகங்களையெல்லாம் மாற்றியமைத்தது. கொல்கத்தாவின் நேதாஜி சுபாஷ் துறையில் ஒரு பெட்டகத்தைத் தூக்கும் கிரேனுக்கு அதனுள் இருப்பது தேயிலையா சணலா என்று தெரிய வேண்டியதில்லை. அதுபோலவே ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே அளவான பொதியாகக் கட்டிவிட்டால், எந்தச் சர்வரிலும் அதை இறக்கி இயக்கலாம் என்பதே மென்பொருள் கன்டெய்னரின் அடிப்படை. 2013இல் வெளிவந்து இம்முறையைப் பரவலாக்கிய கருவிக்கு, துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் ‘டாக்கர்’ என்ற பெயர் அமைந்தது.

ஆயிரக்கணக்கான பெட்டகங்களை எந்தச் சர்வரில் எப்போது இறக்குவது, ஒன்று பழுதானால் அதன் வேலையை எங்கே தொடர்வது என்று நடத்தும் மென்பொருளின் பெயர் கூபர்நெட்டிஸ்; 2014இல் கூகுள் வெளியிட்ட இதன் பெயருக்குக் கிரேக்க மொழியில் மீகாமன் என்று பொருள். கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டில் அமைந்த கொல்கத்தாத் துறைமுகத்துக்கு, மணல்திட்டுகள் ஓயாமல் இடம்மாறும் ஹூக்ளி ஆற்றின் வழியே வரும் கப்பல்களை, அந்த ஆற்றை அறிந்த மீகாமர்களே ஏறி நடத்தி வருகிறார்கள் என்பதால், இந்த உவமையின் முழுப்பொருளையும் உணர அந்நகரைவிடப் பொருத்தமான இடம் அரிது. மீகாமன் கப்பலைக் கரைசேர்ப்பான். சரக்கைப் பாதுகாப்பது அவன் பொறுப்பன்று. கூபர்நெட்டிஸின் நிலையும் அதுதான்.

கன்டெய்னர் நிலையற்றதாகவே வடிவமைக்கப்பட்டது. ஒரு சர்வர் நின்றுவிட்டால் அதிலிருந்த பெட்டகம் வேறொரு சர்வரில் புதிதாகப் பிறக்கும். பழைய பெட்டகத்துக்குள் எழுதப்பட்டவை அதனுடனேயே மறையும். ஒரு வலைப்பக்கத்தை மட்டும் காட்டும் நிரலுக்கு இதனால் கேடில்லை. ஆனால், துர்கா பூஜைக்கு முன் புடவைக்கடைக்கு வந்து குவியும் ஆர்டர்களைப் பதிவு செய்யும் தரவுத்தளம் ஒரு பெட்டகத்துக்குள் இயங்குமானால், பெட்டகம் மாறினாலும் பதிவேடு மாறாமல் இருந்தாக வேண்டும். அதற்காகப் பெட்டகத்துக்கு வெளியே, அதன் ஆயுளோடு பிணைக்கப்படாத வட்டு இடம் ஒன்று ஒதுக்கப்படுகிறது. இதற்கு வால்யூம் என்று பெயர். நிரல் தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று கோரிக்கை வைக்க, அக்கோரிக்கையை ஏற்று டிஸ்க்குகளிலிருந்து இடத்தைப் பிரித்துக்கொடுத்து, நகல்களை வேறு சர்வர்களிலும் வைத்துக் காப்பதே கன்டெய்னர் சேமிப்பு மென்பொருளின் பணியாகும்.

இவ்வகை மென்பொருள்களில் இந்திய மண்ணில் வேர்கொண்டது ஓப்பன்இபிஎஸ். பெங்களூரில் கிளவுட்பைட் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் தொடங்கி, பின்னர் மாயாடேட்டா என்ற பெயரில் வளர்த்த இத்திறமூல மென்பொருள், 2019 மே மாதத்தில் கூபர்நெட்டிஸைப் பேணும் சிஎன்சிஎஃப் அறக்கட்டளையின் தொடக்கநிலைத் திட்டங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதன் பகுதிகளுக்கு ஜீவா, மாயாஸ்டோர் என்று பெயரிட்டபோது, அதை உருவாக்கியவர்கள் தம் மண்ணின் சொற்களையே எடுத்துக்கொண்டனர். 2021 நவம்பரில் டேட்டாகோர் நிறுவனம் மாயாடேட்டாவை வாங்கியது. 2024இன் தொடக்கத்தில் அறக்கட்டளை இத்திட்டத்தைக் காப்பகத்துக்கு அனுப்பி, அதே ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஒரு சேமிப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் அதன் வேகத்தை மட்டுமன்றி, அதைத் தாங்கி நிற்கும் குழுவின் நிலைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த ஏற்ற இறக்கமே போதிய சான்று.

மாயாஸ்டோரைக் கையால் நிறுவுவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏனெனில் நிறுவும் வேலையைத் தாமே செய்யும் தானியங்கிக் கருவிகள் எதை மறைக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும். தரவின் மூன்று நகல்களை மூன்று வெவ்வேறு இயந்திரங்களில் வைப்பதற்கு, குறைந்தது மூன்று சர்வர்கள் சேர்ந்த ஒரு கூட்டம் வேண்டும். இக்கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு சர்வருக்கும் நோட் என்றும் பெயர். ஒவ்வொரு நோடிலும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் போதிய அளவு புதியதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, வலைப்பின்னல் வழியே தொலைவிலுள்ள டிஸ்க்கை அருகிலிருப்பதுபோல் அணுகவைக்கும் கர்னல் பகுதியை ஏற்ற வேண்டும். பின்னர் நினைவகத்தில் 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்கள் 1024ஐ, அதாவது மொத்தம் 2 கிகாபைட்டை, இம்மென்பொருளுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டைக் கட்டளையாக மட்டும் கொடுத்து அமைப்புக் கோப்பில் எழுதாமல் விட்டால், சர்வர் அடுத்த முறை நின்று எழும்போது அது மறைந்துவிடும். எழுதிய பின்னும், ஒவ்வொரு நோடிலும் கூபர்நெட்டிஸின் சார்பாளராக இயங்கும் கியூப்லெட்டை மறுதொடக்கம் செய்யாவிட்டால், ஒதுக்கிய இடம் கூபர்நெட்டிஸின் கணக்கில் ஏறாது. புதிதாக நிறுவுவோர் வழிதவறுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

1024 என்ற இந்த எண்ணுக்குக் கொல்கத்தாவில் ஒரு முன்வரலாறு உண்டு. பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பாரநகர் வளாகத்தில், ‘ஐடியல் எக்ஸ்’ புறப்பட்ட அதே 1956இல் இயங்கத் தொடங்கிய எச்இசி-2எம் என்ற பிரிட்டிஷ் இயந்திரமே இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் எண்ணிலக்கக் கணினி ஆகும். சுழலும் காந்த உருளையாகிய அதன் நினைவகம் கொண்டது 1024 சொற்களே. மோஹி முகர்ஜி, அமரேஷ் ராய் என்ற இரு பொறியாளர்கள் இங்கிலாந்துக்குச் சென்று அவ்வியந்திரத்தைக் கற்றுத் திரும்பி, அதை இங்கே நிறுவினர். நிரலெழுதுவோர் எந்த எண்ணை உருளையின் எந்த இடத்தில் வைப்பது என்பதையும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருந்த அக்காலத்தில், சேமிப்பு என்பது மறைவான ஒரு சேவையாக இல்லாமல், கையால் தொட்டறியும் பொருளாகவே இருந்தது. அந்த நேரடி அறிவே, பத்தாண்டுக்குள் 1966இல் அக்கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐஎஸ்ஐஜேயூ-1 என்ற கணினியைத் தாமே உருவாக்குவதற்கு அடித்தளமாயிற்று என்று கொள்வது தவறாகாது.

நோடுகள் ஆயத்தமான பின், சேமிப்புக்குரியவை எவை என்று அவற்றுக்குப் பெயர்க்குறி இட்டு, மென்பொருளின் பகுதிகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எந்த நகல் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டைக் காக்கும் எட்சிடி என்ற சிறு தரவுத்தளமும் இவற்றுள் ஒன்று. சேமிப்பைத் தரும் மென்பொருளுக்கே தன் பதிவேட்டை வைக்க ஒரு சேமிப்பு வேண்டியிருக்கிறது என்பதால், அது நோடின் சொந்த டிஸ்க்கையே நாடுகிறது. இறுதியாக, எந்த டிஸ்க்கை, வால்யூம்களுக்கு இடம் பிரித்துத் தரும் சேமிப்புக் குளத்தில் சேர்ப்பது என்று குறிப்பிட வேண்டும். வேலை முழுவதிலும் அபாயம் மிகுந்த படி இதுவே. லினக்ஸ் இயங்குதளம் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று இடும் பெயர்கள் சர்வர் மறுமுறை எழும்போது இடம்மாறக்கூடும் என்பதால், டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணைக் கொண்ட நீண்ட பெயரையே எழுத வேண்டும். சோம்பலினால் குறும்பெயரை எழுதியவர் வேறொரு டிஸ்க்கிலுள்ள தரவை இழக்க நேரலாம்.

மூன்று நோடுகளுக்கு இவ்வளவையும் கையால் செய்ய ஒருவர் அரைநாள் உழைத்தால் போதும். முப்பது நோடுகளுக்குச் செய்யும்போது, பதினேழாவது நோடில் ஒரு வரி விடுபட்டுப்போவது மனித இயல்பு. அந்தப் பிழை நிறுவிய அன்று தெரியாமல், பல மாதங்கள் கழித்து அந்தச் சர்வர் நின்று எழும் நாளில் வெளிப்படும். தானியங்கிக் கருவிகளின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. நேரத்தைச் சேமிப்பதைவிட, எல்லா நோடுகளும் ஒன்றுபோல் இருப்பதை உறுதிசெய்வதே அவற்றின் பெரும்பணி. கப்பலின் சுக்கானைக் குறிக்கும் ‘ஹெல்ம்’ என்ற பெயருடைய கருவி, கூபர்நெட்டிஸுக்குள் ஏற வேண்டிய பகுதிகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, இடத்துக்கு இடம் மாறும் மதிப்புகளைத் தனிக் கோப்பில் எழுதச் செய்கிறது. ஓரிரு கட்டளைகளில் ஓப்பன்இபிஎஸ் நிறுவப்பட்டுவிடும். எனினும் நினைவகப் பக்கங்களை ஒதுக்குவதும் கர்னலை ஆயத்தம் செய்வதும் கூபர்நெட்டிஸுக்குக் கீழேயுள்ள இயங்குதளத்தின் வேலைகள் என்பதால், ஹெல்ம் மட்டும் போதாது.

அந்தக் கீழ்த்தளத்துக்குப் பயன்படுவது 2012இல் தோன்றிய ஆன்சிபிள். விண்வெளித் தொலைவுகளைத் தாண்டி உடனுக்குடன் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவிக்கு நாவலாசிரியர் உர்சுலா லெ குவின் சூட்டிய பெயரே இதற்கு வைக்கப்பட்டது. சர்வர்களில் தனி மென்பொருள் எதையும் முன்கூட்டி ஏற்றி வைக்கத் தேவையில்லாமல், நிர்வாகிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் பாதுகாப்பான தொலைநுழைவு வழியாகவே இது எல்லா நோடுகளுக்கும் சென்று, ‘பிளேபுக்’ எனப்படும் எழுத்துக் கோப்பில் சொல்லப்பட்ட நிலை அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் எதையும் தொடாமல் விடுகிறது, இல்லையென்றால் மட்டும் மாற்றுகிறது. எத்தனை முறை இயக்கினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுவதே நல்ல பிளேபுக்கின் இலக்கணம். டிஸ்க்கை அழித்து வடிவமைக்கும் கட்டளையை இந்த இலக்கணம் அறியாமல் எழுதியவர், இரண்டாம் முறை அதை இயக்கும்போது பேரிழப்பைச் சந்திப்பார்.

எனவே கையா, கருவியா என்று ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்வது சேமிப்பைப் பொறுத்தவரை பொருந்தாது. மென்பொருளை அழித்து நூறுமுறை மீண்டும் நிறுவலாம். ஒருமுறை அழிந்த தரவை எந்தக் கருவியும் மீண்டும் எழுதித் தராது. கையால் ஒருமுறையேனும் நிறுவி, ஒவ்வொரு படியும் ஏன் தேவை என்று அறிந்தவரே அதைப் பிளேபுக்காக எழுதத் தகுந்தவர். அறியாதவர் எழுதினால், ஒரு நோடில் நிகழ்ந்திருக்கக்கூடிய தவறு முப்பது நோடுகளிலும் ஒரே நிமிடத்தில் நிகழும். கூபர்நெட்டிஸில் ஒரு கோரிக்கையின்பேரில் தானாக உருவான வால்யூம், அக்கோரிக்கை நீக்கப்பட்டால் தானும் அழிந்துவிட வேண்டும் என்பதே வேறு குறிப்பு எழுதப்படாதபோது நிலவும் விதி. தேவையற்றதென்று கருதி ஒரு தானியங்கி ஸ்கிரிப்ட் கோரிக்கையை நீக்கினால், மூன்று நகல்களும் சேர்ந்தே போகும். தங்கவைக்கும் விதியை வெளிப்படையாக எழுதிவைப்பது ஒரே ஒரு வரிதான். அந்த வரியை நிறுவும் நாளிலேயே எழுத வேண்டும்.

மூன்று நகல்கள் டிஸ்க் பழுதிலிருந்து காக்கும். ஊருக்கு வரும் பேரிடரிலிருந்து காக்காது. 2020 மே 20 அன்று அம்பான் புயல் கொல்கத்தாவைத் தாக்கியபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மூன்று நோடுகளும் ஒரே கட்டடத்தில், ஒரே மின்னிணைப்பில் இருந்தால், அந்த மூன்றும் ஒன்றுக்குச் சமம். எழுதப்படும் ஒவ்வொரு தரவும் எல்லா நகல்களிலும் பதிந்த பின்னரே பதில் கிடைக்கும் முறையில் மாயாஸ்டோர் இயங்குவதால், நகல்களை வெகுதொலைவிலுள்ள வேறு நகரங்களில் வைத்தால் வேகம் குன்றும். ஆகவே தொலைவுக்கு உகந்தது, குறிப்பிட்ட நேரங்களில் எடுத்து அனுப்பப்படும் காப்புநகலே. வங்காள விரிகுடாவின் புயல்கள் பெரும்பாலும் பருவமழைக்கு முன்னும் பின்னும் எழுபவை என்பதால், கொல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் தரவைப் பேணும் நிறுவனம் ஒவ்வோராண்டும் மார்ச் மாதத்திலேயே, அதே பிளேபுக்கையும் அதே ஹெல்ம் தொகுப்பையும் கொண்டு வேறொரு நகரத்தில் வெற்றுச் சர்வர்கள் மீது புதிய கிளஸ்டரை எழுப்பி, காப்புநகலை அதில் மீட்டு, தரவுத்தளம் திறக்கிறதா, கடைசி ஆர்டர் வரை பதிவுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, அதற்கு ஆன நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும்.