உஷார்! வலிக்காத விரலை வலிந்து இழுக்காதீர்கள்

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நீட்டப் பயிற்சி செய்கிறீர்களா? வீட்டில் யாருக்காவது நீங்களே நீட்டிவிடுகிறீர்களா? அப்படியானால் கவனம்! மற்றவர்களுக்கு அளவு மீறினால் வலி தடுத்துவிடும். உணர்விழந்த கைக்கு அந்தக் காவல் கிடையாது. தோல் கிழிந்தாலும் மூட்டு வீங்கினாலும் தெரியாது. 'வலிக்கலையே, இன்னும் கொஞ்சம்' என்று இழுக்கிறோமே, அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து.

1940-களின் இறுதியில் வேலூரில் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சையைத் தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, உணர்வில்லாததால் கவனிக்காமல் விட்ட காயங்களே அவற்றைக் குட்டையாக்குகின்றன என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. அப்படியொரு காயத்தைப் பயிற்சியே உண்டாக்கிவிடக் கூடாது.

வெந்நீர் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். சாதாரணத் தண்ணீரில் சுமார் 20 நிமிடம் ஊறவைத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு நீட்டுங்கள்.

வெடிப்பு இருந்தால் இழுக்காதீர்கள். விரல் மடிப்பில் தோல் பிளந்திருந்தால் முதலில் அது ஆறட்டும்.

நரம்பு வலித்தால் நிறுத்துங்கள். முழங்கை உட்புறத்தில் வலி, புதிதாக மரத்துப்போதல், பலம் குறைதல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போது தேவை ஓய்வும் மருந்தும். பாதிப்பு தோன்றிய ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம்.

கால் பயிற்சிக்கும் இதே கவனம் வேண்டும். பாதத்தில் புண்ணா? சுவரில் கையூன்றி நின்று கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி கூடாது. பாதம் சூடாக வீங்கியிருந்தால் உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம், ஊன்றவே வேண்டாம்.

இதற்குப் பயந்து பயிற்சியையே கைவிட்டால் அது இன்னொரு விபரீதம். நீட்டாத மூட்டு இறுகிவிடும். இறுகிய பிறகு அறுவை சிகிச்சையின் பலனும் குறையும். புறங்கையைத் தொடைமேல் வைத்து, மறு கையால் விரலை அடியிலிருந்து நுனிவரை வருடி, மெதுவாக நீட்டிச் சில விநாடி பிடியுங்கள். எத்தனை முறை என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

முடித்ததும் விரல் விரலாகப் பாருங்கள். சிவப்பு, சூடு, வீக்கம் தென்பட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஆலோசனை கேளுங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். கூட்டு மருந்து சிகிச்சை எடுப்பவரிடமிருந்து நோய் பரவாது.